கோடு மங்கும் நேரம்

ஆஸ்பத்திரி லேபில் என் அத்தைக்குப் பட்டப்பெயர் ‘கோட்டுக்காரி’. கறுப்புக் கோடு போட்ட அட்டையைக் கிருமி வளர்க்கும் கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் பிடித்துப் பார்ப்பதுதான் இருபது வருஷமாக அவள் பிழைப்பு. கோடு தெளிவாகத் தெரிந்தால் கிருமி பெருகவில்லை, மங்கினால் பெருகிவிட்டது. வீட்டில் தண்ணீர் டம்ளரைக்கூட அப்படித்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். நான் அதில் ஒரு சொட்டுப் பால் விட்டு வைப்பேன். திட்டமாட்டாள், டம்ளரை வெந்நீரில் போட்டுவிடுவாள்.

மாமா லாரி மெக்கானிக். தகரம் கிழித்துக் காலில் சீழ் வைத்தது. மறுபடி சீழ் வைத்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதுமே மாமா, டாக்டர் கொடுத்த மாத்திரைகளை ஜன்னல் வழியாக எறிய ஆரம்பித்தார். நானும் கூட்டு. ஆனால் ஒருநாள் கால் படியில் இடித்து அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அன்றே அத்தையிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன்.

அத்தை சண்டை போடவில்லை. மறுநாள் காலை எங்களை லேப் கண்ணாடிக்கு வெளியே உட்கார வைத்தாள். உள்ளே இரண்டு குழாய்கள். இரண்டிலும் மாமாவின் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்த கிருமி. ஒன்றை மட்டும் ஒரு மணி நேரம் அதே மாத்திரையின் மருந்தில் வைத்து, பிறகு இரண்டையும் கழுவியிருந்தாள்.

பத்து மணிக்கு மருந்து படாத குழாயில் கோடு மங்கியது. மருந்து பட்டது தெளிவாகவே இருந்தது.

“செத்துடுச்சு பாரு” என்றார் மாமா.

“சாகலைங்க. உள்ளதான் இருக்கு.”

“அப்ப மருந்தும் இருக்கு.”

“சொட்டுகூட இல்ல, கழுவியாச்சு. அடிச்சவன் போயிட்டான். வாங்கின அடிதான் அதை இன்னும் எழுந்துக்க விடல.”

கிண்டலாக ஏதோ சொல்ல வந்தவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். அந்தத் தெளிந்த நீருக்குள் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது போலிருந்தது. மாமா மெல்லத் தன் காலில் போட்டிருந்த கட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

பதினொன்று. கோடு தெளிவு. பதினொன்றரை. தெளிவு. பன்னிரண்டுக்கு அத்தை மறுபடி அட்டையைப் பிடித்தாள். கோடுகளின் ஓரம் பஞ்சு பஞ்சாகியிருந்தது.

“எழுந்துடுச்சு” என்றாள். “உங்க காலுக்குள்ள எத்தனை மணிக்கு எழுந்துக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. அங்க அட்டை பிடிக்க முடியாது.”

டாக்டரிடம் சொல்லிப் புதிதாக வாங்கிய மாத்திரையை நீட்டினாள். மாமா தண்ணீர் கேட்கவில்லை, அப்படியே விழுங்கினார்.

கால் தப்பியது. ஆனால் இப்போது மாமாவும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், வெகுநேரம். நான் பால் விடுவதை நிறுத்திவிட்டேன்.