ஆளில்லாமல் போகும் படகு

தொண்ணூறுகளில் காரைக்குடியில் ஒரு கட்டடப் பொறியாளரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தவள். வீட்டு பிளான், கடை பிளான் என்று நாட்கள் போகும். ஒரு காலையில் கண்டனூரிலிருந்து செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"எனக்கு ஒரு சொகுசுப் படகு வரைஞ்சு தரணும். வெயில்லயே ஓடணும். ஓட்டுறதுக்கு ஆள் கூடாது, தானாப் போகணும்."

பொறியாளர் பேனாவை மூடினார். "ஆச்சி, நாங்க வீடு கட்டுறவுக."

"வீடாவே வரைங்க. தண்ணியில போற வீடு."

அவர் போனதும் பொறியாளர் சிரித்துவிட்டு வேலையை என் மேசைக்குத் தள்ளினார்.

ஆச்சி கொடுத்துவிட்டுப் போன நோட்டில் எல்லாம் எழுதியிருந்தது. ஆத்தங்குடிக் கல் தரை, தேக்குத் தூண்கள், ஊஞ்சல், எட்டுப் பேர் சாப்பிட மேசை. ஒரு வாரம் ஆசை ஆசையாக வரைந்தேன். பள்ளியில் இயற்பியல் நடத்தும் என் அண்ணனிடம் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர், சட்டைகூட மாற்றாமல் கணக்குப் போட்டார்.

"தரையும் தூணுமே படகை முக்கிரும். வெயிலு எம்புட்டு பாரத்தைத் தள்ளும்னு நெனைக்கிற?"

பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். ஆச்சி என் கையிலிருந்த ரப்பரை வாங்கினார். கல் தரையை அழித்தார். தூண்களை அழித்தார். ஊஞ்சலில் மட்டும் சற்று நின்று, அதையும் அழித்தார். கடைசியில் கூரை மேல் சோலார் தகடும் அதன் கீழே ஒரு பிரம்பு நாற்காலியும்தான் மிஞ்சின.

"இதுல சொகுசு எங்க இருக்கு ஆச்சி?"

"கல்யாணத்துக்காக என்னையப் பினாங்குலேருந்து கப்பல்ல கூட்டியாந்தாக. அத்தனை நாள்ல ஒரு தடவகூட மேல்தளத்துல ஒத்தையா நிக்க விடல. பின்னாலயே யாராச்சும் வந்துருவாக. எவுக தொணையும் இல்லாம தண்ணி மேல ஒக்காரணும். எனக்கு அதுதான் சொகுசு."

படகோட்டி வேண்டாம் என்றது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் மதுரை போய் இரண்டு சிறிய சோலார் தகடுகள் வாங்கி வந்தார். தெர்மாகோலில் முழ நீளப் படகு செய்து, தகடுகளை இரு பக்கமும் சாய்த்து வைத்து, டேப் ரிக்கார்டர் மோட்டார் இரண்டைப் பின்னால் பொருத்தினார். இடப்பக்கத் தகடு வலப்பக்க மோட்டாரை ஓட்டும், வலப்பக்கத் தகடு இடப்பக்க மோட்டாரை. வெயில் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் படகு தானாகவே திரும்பும் என்றார். நான் நம்பவில்லை.

கண்டனூர் ஊருணியில் காலை ஒன்பது மணிக்கு அதை மேற்குப் பார்த்து விட்டோம். கொஞ்சம் தயங்கியது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல் மெல்ல வளைந்து கிழக்கே திரும்பி, சூரியனை நோக்கிப் போனது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இடுப்பிலேயே வைத்தபடி நின்றார்கள். நடுவில் போனபோது மேகம் மறைத்தது. படகு நின்றுவிட்டது. மேகம் விலகியதும் அது மறுபடி நகர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செய்த அண்ணனே வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ விடுங்க" என்றார் ஆச்சி.

பெரிய படகு கட்டப்படவில்லை. அந்த அளவுக்குத் தகடோ அதைச் செய்யும் ஆட்களோ அப்போது எங்கள் பக்கம் கிடையாது. மறு வருடம் ஆச்சி தன் கணவரோடு மலேசியாவில் இருக்கப் போனார், வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு.

ஊருணியில் படகு விட்ட அன்றைக்கு மட்டும் பொழுது சாயும்வரை நாங்கள் வீடு திரும்பவே இல்லை. சாயங்காலம் அதே படகு மேற்கே திரும்பிப் போனது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, ஆச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.