பஞ்சாலை கொட்டிய மழைப்பால்

ஒரே வீட்டில் மனைவிக்கு மனை வேண்டும், கணவனுக்கு உயிர் வேண்டும் என்றால் எதை விட்டுக்கொடுப்பது? 1953-இல் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பஞ்சாலைக்கும் தெரியவில்லை.

அவள் மலாயாவில், லாபு ஊர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டுகிறவள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்து, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே முள்வேலிக்குள் அடைத்தபோது, அவளும் கணவன் சன்னாசியும் மூன்று பிள்ளைகளும் ஒற்றை அறைக்குள் வந்து விழுந்தார்கள். அடுப்பு எரிந்தால் பாய் விரிக்க முடியாது. தனி அடுப்படியோடு ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கு நகரசபையும் ஒரு வழி காட்டியது. வேலியை ஒட்டிய கீழ்த்திடலை வரைபடத்தில் மஞ்சள் தீட்டி, தோட்டப் பதிவில் பெயருள்ள இருபத்தாறு குடும்பங்களுக்கு மனை என்று எழுதியது. பதினோராவது மனை பஞ்சாலைக்கு.

திடலுக்கு மேலே, பள்ளம் தொடங்குமிடத்தில், நகரசபையின் குப்பைமேடு இருந்தது. பட்டணம் பெருகப் பெருகக் குப்பையும் பெருகியது. மேட்டைத் திடல்வரை நீட்டினால் என்ன என்று அதே நகரசபையில் ஒரு பேச்சு கிளம்பியது. அதை விட்டால் நாலு மைல் தள்ளி நாலாங்கட்டையில் செம்மண் வெட்டியெடுத்த பழைய குழிதான். அங்கே போவதென்றால் காட்டுப் பாதை. போன மாதம் அந்தப் பாதையில் காட்டுக்காரர்கள் ஒரு லோரியை மறித்துக் கொளுத்தியிருந்தார்கள்.

குப்பை லோரியில் கூடை தூக்குகிறவன் சன்னாசி.

"ஒனக்கு மனை வேணும். எனக்கு உசுரு வேணாமா?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அதுக்குக் குப்பை மேலயா வீடு கட்டச் சொல்றீங்க?"

"கட்டேன். வேலைக்கு நடந்தே போயிருவேன்லா."

பஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது.

நகரசபைத் துரை திடலைப் பார்க்க வந்த நாளில், மரம் வெட்டி முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. மரத்தில் பால் வடியும் மங்குகளில் பாலோடு மழைத்தண்ணீர் நிறைந்தது. நீர்த்த பாலானாலும் நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். கொட்டினால் பெயரை வெட்டிவிடுவார்கள். கொண்டுபோனாலோ, "தண்ணி ஊத்திக் கொண்டாந்தியா?" என்று ஊர் முன்னால் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கூசி, பலர் ஆள் இல்லாத பள்ளமாகப் பார்த்துக் கவிழ்த்துவிட்டு வாளியைக் கழுவிக்கொண்டு வருவது வழக்கம். துரை வந்துவிடுவாரே என்ற அவசரத்தில் பஞ்சாலையும் இரண்டு வாளிப் பாலைக் குப்பைமேட்டின் தலைமாட்டில் இருந்த ஓடையில் கவிழ்த்துவிட்டுத் திடலுக்கு ஓடினாள்.

அங்கே துரை சொன்னதைத் தோட்டத்து எழுத்தரான கிராணி இராஜமாணிக்கம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "மேட்டுத் தண்ணி அந்தப் பக்கம் சதுப்புக்குத்தான் போகுதாம். இந்தப் பக்கம் சொட்டுகூட வராதாம். கீழே கொஞ்சம் மனையைக் குறைச்சு, மேட்டை நீட்டினா யாருக்கும் கெடுதி இல்லைங்கிறாரு."

அப்போது திடலின் ஓரத்து ஊற்றில் தண்ணீர் வெளுத்து வந்தது. நாளைக்கு இருபத்தாறு வீட்டுக்கும் கிணறு தோண்ட வேண்டிய இடம் அது. சுண்ணாம்பாக இருக்கும் என்றார் ஒருவர். சோப்பு என்றார் இன்னொருவர்.

பஞ்சாலைக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொன்னால் பதிவிலிருந்து பெயர் போகும். பெயர் போனால் பதினோராவது மனையும் போகும். சொல்லாவிட்டால் திடலே போகும்.

குனிந்து இரண்டு விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தாள். விரலிடுக்கில் நூல்போலத் திரண்டது ரப்பர்.

"இது பால்ங்கய்யா. மேட்டுக்கு அந்தாண்ட ஓடையில நான்தான் கொட்டினேன். அரைமணி நேரம்கூட ஆகல."

கிராணியின் முகம் சிவந்தது. "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமாங்கய்யா. பால் வந்த வழியாத்தானே குப்பைத் தண்ணியும் வரும்?"

கிராணி ஒரு வார்த்தை விடாமல் துரையிடம் சொன்னார். துரை இரண்டு ஆட்களை அனுப்பிக் குப்பையைக் கிளறச் சொன்னார். தோட்டம் போட்ட காலத்தில் வைத்த மண்குழாய் ஒன்று குப்பைக்கு அடியில் புதைந்து, திடலை நோக்கி ஓடியது. அது எந்த வரைபடத்திலும் இல்லை.

துரை வரைபடத்தைச் சுருட்டினார். அப்படியானால் நாலாங்கட்டைதான், ஆனால் குப்பை லோரிக்குத் துணைக்கு அனுப்பப் போலீஸ் இல்லை என்றார்.

குப்பை லோரி ஆட்களோடு வந்து நின்ற சன்னாசியைப் பஞ்சாலை பார்த்தாள். தான் தினமும் பாலை ஊற்றும் லோரி அவள் நினைவுக்கு வந்தது.

"நம்ம பால் லோரி தெனமும் பதினொரு மணிக்கு அதே பாதையிலதான் போகுது. முன்னாலயும் பின்னாலயும் துப்பாக்கி வண்டி. நடுவுல இவங்க குப்பை லோரியும் சேர்ந்து போனா என்னங்கய்யா?"

"பால் லோரி டிரைவர் மூக்கப் பொத்திக்கிட்டு ஓட்டணும்லா," என்றான் சன்னாசி. கூட்டம் சிரித்தது. கிராணி அதையும் மொழிபெயர்த்திருக்க வேண்டும், துரையும் சிரித்தார்.

ஐந்து வாரம் கழித்து, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கிராணி ஒரு கடிதத்தை வாசித்தார். குப்பை நாலாங்கட்டைக்குப் போகும், பால் லோரியோடு சேர்ந்து. கீழ்த்திடல் மஞ்சளாகவே இருக்கும். பால் கொட்டிய குற்றத்துக்குப் பஞ்சாலைக்கு ஒரு மாதம் புல்வெட்டு வேலை, பெயரை வெட்டவில்லை. அந்தத் தண்டனையை வாசிக்கும்போது மட்டும் அவர் தலை நிமிரவில்லை.

பழைய மேட்டை மண் போட்டு மூடினார்கள். குழாயைத் தோண்டி எடுத்தார்கள். ஊற்று தெளிய இரண்டு மழைக்காலம் ஆனது. அதன் பிறகுதான் கிணறு வெட்டினார்கள். பதினோராவது மனையில் பஞ்சாலை முதலில் எழுப்பியது அடுப்படிச் சுவரைத்தான். பதினொரு மணிக்குப் போன குப்பை லோரி, சன்னாசியோடு அந்த வழியே திரும்பி வரும்போது ஹாரன் இரண்டு முறை அடிக்கும். அதுவரை அவள் கையிலிருக்கும் வேலை ஓடாது.

குப்பைக்கு இடம் தேடாத ஊர் இல்லை. அப்படித் தேடுகிற ஊரில் உங்களுக்கு யாராவது இருந்தால், இதை அவர்கள் காதில் போட்டுவையுங்கள். பாலைக் கொட்டியவள் தானே வந்து ஒப்புக்கொண்டாள் என்பதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.