டிரம்ஸ் அக்காவின் ஒன்பது பாட்டு

"ஏழாவது பாட்டை மூணாம் இடத்துக்கு ஏத்திட்டேன், கேட்டுக்கோ" என்று சொல்லிக்கொண்டே பெட்ஷீட்டின் இரண்டு முனைகளை என் கையில் திணித்துவிட்டு, மற்ற இரண்டு முனைகளோடு பின்னால் நடந்துபோகிறார் டிரம்ஸ் அக்கா. துணி விறைத்து நிற்கும் தூரம் வந்ததும் நின்று ஓர் உதறு உதறுவார். பாதியாக மடிப்போம், மறுபடி பாதியாக மடிப்போம். பிறகு என்னை நோக்கி நடந்து வந்து தன் முனைகளை என் முனைகளோடு சேர்ப்பார். ஏன் ஏற்றினீர்கள் என்று நான் இப்போது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சாப்பாட்டு வேளை வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு தரைக்கு அடியில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் துவைக்கும் மெஷின்கள், பிழியும் மெஷின்கள், உலர்த்தும் மெஷின்கள். இந்தப் பக்கம் துணி தேய்க்கும் சூடான ரோலரும் எங்கள் மடிப்பு மேசையும். நாள் முழுக்க ஒரே இரைச்சல். இங்கே யாரும் பேசுவதில்லை, கத்துவதுதான். வீட்டுக்குப் போயும் அப்படியே கத்தி, "நான் என்ன செவிடா?" என்று வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் எங்களில் யாரும் இல்லை.

அக்காவுக்கு ஒடிசலான உடம்பு. நின்றே வேலை பார்த்ததில் கணுக்கால் இரண்டும் சாயங்காலமானால் வீங்கிவிடும். தலைமுடியைத் துணிக்குள் இறுக்கிக் கட்டியிருப்பார். கை சும்மா இருக்காது. மேசை, டிராலியின் விளிம்பு, சாப்பாட்டு டப்பாவின் மூடி என்று எது அகப்பட்டாலும் விரல் முட்டியால் தாளம் போடுவார். அதைப் பார்த்து சூப்பர்வைசர் எரிச்சலோடு வைத்த பெயர்தான் 'டிரம்ஸ்'. அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

தாளம் முழுவதும் ஒரே ஒரு ஆல்பத்துக்கு. அது ஒரு ராக் குழு திறந்த மைதானத்தில் ரசிகர்கள் முன்னால் பாடியதை அப்படியே பதிவு செய்தது. ஒன்பது பாட்டு. அக்காவின் வீட்டுக்காரர் மின்சாமான்கள் ரிப்பேர் பார்ப்பவர். கல்யாணமான புதிதில் யாரோ ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்த டேப் ரெக்கார்டருக்குள் அந்தக் கேசட் மாட்டியிருந்தது. சரி செய்து, ஓடுகிறதா என்று பார்க்க அவர் பொத்தானை அமுக்கியபோது அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாராம். கத்தியைக் கீழே வைத்தவர், ஒரு பக்கம் முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. ரெக்கார்டருக்கு உரியவர் வந்தார், வாங்கிக்கொண்டு போனார். கேசட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் மூச்சு விடவில்லை. இப்போது அதே பாட்டுகள் அக்காவின் போனில் இருக்கின்றன. மடிப்பு மேசையின் மூலையில் உள்ள சின்ன ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருகின்றன.

பாஷை அக்காவுக்குப் புரியாது. "அவன் என்ன சொல்றான்னு அவன் தொண்டையே சொல்லுதே, வார்த்தை எதுக்கு?" என்பார். அதனால் பாட்டுகளுக்குப் பெயரும் அவரே வைத்துவிட்டார். முதல் பாட்டு 'கதவைத் தட்டறவன்'. அடுத்தது 'கோவக்காரன்'. நடுவில் ஒன்று 'ரயிலு'. ஏழாவது 'விசில் பாட்டு'. கடைசிக்கு முந்தையது 'விரல் பாட்டு'.

இவற்றை வரிசைப்படுத்துவதுதான் அக்காவின் பொழுது, வாதம், பக்தி எல்லாம். திங்கட்கிழமை காலையில் புது வரிசை வெளியாகும். அதில் அக்கா கறார். தெரிந்தவன் என்று யாருக்கும் சலுகை கிடையாது. ரோலரில் நிற்கும் அண்ணன் ஒருமுறை, "இதையெல்லாம் ரூமுக்குள்ள சுத்தமா பாடி வெச்சிருக்காங்களாமே, அதைக் கேக்கலாமில்ல?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"ரூம்ல பாடறவன் தப்புப் பண்ணா அழிச்சுட்டு மறுபடி பாடுவான். இவன் அத்தனை பேர் முன்னாடி நின்னு மூச்சு வாங்கறான் பாரு. ரயிலு முடிஞ்சதும் தண்ணி குடிக்கிறான், அந்தச் சத்தம் கூட வருது. நம்மள மாதிரி வேலை செஞ்சு களைச்சவன். அவனை விட்டுட்டு வேற எவன் பாட்டைக் கேக்கறது?"

முதலிடத்துக்கு அவர் வைத்திருக்கும் பரீட்சை ஒன்றுதான். மத்தியானத்துக்கு மேல் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி ஆகும்போது, அடுத்த பெட்ஷீட்டை எடுக்கக் கையைத் தூக்க வைக்கிற பாட்டு எதுவோ அது. எனக்கு அந்த நேரத்தில் எந்தப் பாட்டும் கையைத் தூக்க வைத்ததில்லை. சம்பளம்தான் தூக்க வைக்கும். ஆனால் அக்காவின் எதிரே நின்று மடிக்கிறவள் அவர் தாளத்துக்குத்தான் நடந்தாக வேண்டும். கோவக்காரன் வந்தால் ஓட வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த ஒன்பது பாட்டும் விரும்பிக் கேட்காமலே எனக்கு மனப்பாடம்.

விசில் பாட்டு எப்போதும் கடைசி இடத்தில்தான் கிடந்தது. பாட்டின் மேல் பழி இல்லை. அதன் நடுவில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோய்ப் பாடகன் மட்டும் தனியாகப் பாடும் இடத்தில், கூட்டத்தில் எவனோ ஒருவன் தாளம் தப்பி விசிலடித்துக்கொண்டே இருப்பான். அவனை அக்கா விசாரிக்காத நாள் இல்லை. "இவனை யாரு கூட்டிட்டு வந்தது? பக்கத்துல நிக்கிறவன் வாயைப் பொத்த வேண்டாம்?" என்று பொரிந்து தள்ளுவார்.

அந்தப் பாட்டுக்குத்தான் மூன்றாம் இடம் என்கிறார்.

"ஏன் அக்கா?"

"விசில்காரன் இப்பல்லாம் அடங்கிட்டான்மா. அவனுக்கும் வயசாகுதுல்ல?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பதிஞ்சு வெச்ச விசிலுக்கு வயசாகுமா?" என்று கேட்டேன். "தேயும் தேயும். எல்லாம்தான் தேயுது" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார். ரோலர் அண்ணனிடமும் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு அந்த விசில் எப்போதும் போலத்தான் காதைக் கிழித்தது.

சில வாரம் கழித்து விரல் பாட்டு இறங்கத் தொடங்கியது. சிரிப்பு எனக்கு அப்போதுதான் நின்றது. விரல் பாட்டு வரிசைக்கே அப்பாற்பட்டது, "அதை எண்ணாதே, மிச்ச எட்டைச் சொல்லு" என்பார். ஆரம்பத்தில் கிட்டார்காரன் மட்டும், மிக மெதுவாக, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுத் தொட்டு வாசிப்பான். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய டிரம்ஸ் பிறகுதான் வரும். அதை அக்கா ஆறாம் இடத்தில் போட்டுவிட்டார்.

"ஆரம்பத்துல ஏமாத்தறான். மேடையில சும்மா நிக்கிறான். ஜனமும் சும்மா நிக்குது. எதுக்கு நிக்கறாங்கன்னே தெரியல."

நான் துணியின் மறுமுனையில் இருந்தேன். கம்பிகள் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன.  காது கெடும்போது கூர்மையான சத்தங்களும் மெல்லிய சத்தங்களும்தான் முதலில் போகும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். அக்கா ஸ்பீக்கரைச் சந்தேகித்தார். "இந்தப் பெட்டி செத்துப்போச்சு. வீட்டுக்காரர்கிட்ட குடுக்கிறேன்" என்று பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தது, மறுபடி போனது. இப்படியே நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவல் வாங்கியிருந்த குடையைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் பாதியை மாமாவின் வேலை மேசை அடைத்துக்கொண்டிருந்தது. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டிருந்தார். அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "சரியாச்சா?" என்று கத்தினார். "ஆகுது ஆகுது" என்று மாமாவும் கத்தினார்.

பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். அந்த வீட்டில் குரலைத் தாழ்த்தினாலே போதும், ரகசியம் ஆகிவிடும்.

"இதுல ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் பாடுது."

"அப்புறம் எதுக்கு மாமா கழட்டறீங்க?"

"கழட்டற வரைக்கும் அவ ஸ்பீக்கரைத்தானே திட்டுவா" என்றார். ஒரு துணியால் உள்ளே துடைத்தார். துடைக்கத் தூசி எதுவும் அங்கே இல்லை. "எத்தனையோ தரம் சொல்லிடலாம்னு பார்த்தேன். வாய் வரல."

"எங்க ஆஸ்பத்திரியில மேலயே காது டாக்டர் இருக்காங்களே மாமா. கூட்டிட்டுப் போகலாமே." காது மூக்குத் தொண்டை வார்டின் தலையணை உறைகளை மடிப்பதே நாங்கள்தான்.

"போகணும். போனா ஒரு மெஷின் குடுப்பாங்க. பேசறது கேக்கும், நல்லதுதான். பாட்டு எப்படிக் கேக்கும்னு யாருக்குத் தெரியும்? அவளுக்கு அந்த ஒன்பது பாட்டை விட்டா வேற என்ன இருக்கு, சொல்லு. நாள் பூரா அழுக்குத் துணி. வீட்டுக்கு வந்தா நான்."

எனக்குக் கோபமாக வந்தது. மாமாவின் மேல் இல்லை. பல வருஷம் அக்கா பிழியும் மெஷின் பக்கத்திலேயே நின்றவர். காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி அடைப்பான் கொடுத்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம். அக்கா மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். "அதை வெச்சா பாட்டு கேக்க மாட்டேங்குது" என்பார். வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் ஒற்றைக் காலில் நிற்கவில்லை. மெஷினையும் மீறிக் கேட்க வேண்டும் என்று பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஆசைப்பட்ட பாட்டாலேயே காது போய்விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்வது?

நானாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மறுநாள் வேலைக்குப் போனேன். சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. அவர் வரிசையைச் சொன்னார், நான் ஏன் என்று கேட்டேன். விரல் பாட்டு எட்டாம் இடத்துக்குப் போனது.

போன வாரம் பாய்லர் பழுதாகி மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. மெக்கானிக் அதற்கு அடியில் படுத்துக் கிடந்தார். முந்தின நாள் உலர்ந்த துணி மலையாகக் குவிந்திருந்ததால் எங்களுக்கு மட்டும் ஓய்வில்லை. அந்த இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. டிராலியின் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. விசில் பாட்டு முடிந்து, கைதட்டல் அடங்கி, விரல் பாட்டு தொடங்கியது.

துணியை விரித்துப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தார். மடிக்கவில்லை. அந்தப் பக்கம் தலையணை உறை அடுக்கும் பெண் கிட்டாருக்கு ஏற்ப மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். நின்றுபோன மெஷின்கள் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடைசியாக என் முகத்துக்கு வந்தார்.

"ஆரம்பிச்சுட்டானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆரம்பிச்சுட்டான் அக்கா" என்றேன். கேட்கட்டும் என்று வாயைத் திறந்து, நன்றாக.

அவர் கையிலிருந்த துணி தளர்ந்து நடுவில் தொய்ந்தது. "அப்ப ஸ்பீக்கர் இல்ல" என்றார்.

"இல்லக்கா."

"அந்த மனுஷனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையசைத்தேன். "பாவம். ஞாயித்துக்கிழமை கூடப் படுக்காம கழட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே" என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.  கிட்டார்காரன் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். நான் என் பக்கத்துத் துணியை இறுக்கிப் பிடித்து, அவன் கம்பியைத் தொடும்போதெல்லாம் அவர் கை வரைக்கும் அதிரட்டும் என்று ஆள்காட்டி விரலால் துணியைச் சுண்டினேன். ஒன்று. இடைவெளி விட்டு இன்னொன்று. அப்புறம் அடுத்தடுத்து மூன்று.

அக்கா குனிந்து தன் கைகளைப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து, துணியை இன்னும் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.