மூன்றாவது தூண்

அரூர் பஸ் பாலத்தில் ஏறி முதல் தூணைத் தாண்டும்போது ‘தடக்’ என்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

இந்த ஆற்றுக்கு வந்த முதல் பாலம் இது. கட்டிய இன்ஜினியர் என் அப்பா. சிறு வயதில் குடும்பமாகப் போகும்போது, சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பாலம் வந்ததும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வார். சட்டையில் சிமெண்டும் நனைந்த சாக்கும் மணக்கும். ஒவ்வொரு ‘தடக்’குக்கும் கட்டைவிரலால் கம்பியைத் தட்டித் தூண்களை எண்ணுவார்.

“எல்லாரும் பாக்கறாங்க, உக்காருங்க,” என்பாள் அம்மா.

“மூணாவது தாண்டட்டும்.”

மற்ற தூண்களுக்குத் தோண்டியபோது பாறை தட்டியது. மூன்றாவதற்குத் தட்டவில்லை. மழை வருகிறதென்று மேலதிகாரி அவசரப்படுத்த, கெட்டி மணலே போதுமென்று கையெழுத்துப் போட்டவர் அப்பா. ஆற்றில் வெள்ளம் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கும் கரைக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. பாலம் அசையாமல் நிற்கிறது. பாழாய்ப்போன என் கால்களுக்குத்தான் அது புரியவில்லை.

“ஸ்டாப்பிங் இன்னும் தூரங்க, உக்காருங்கம்மா,” என்றார் கண்டக்டர்.

“மூணாவது தாண்டட்டுங்க,” என்றேன்.