பெட்டி சொன்ன பதில்

அலுவலகத்தில் அவரை ‘நெட்வொர்க் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். யாருடைய கணினி முரண்டு பிடித்தாலும் அவர் தலைதான் உருளும். “நெட் வரலண்ணே” என்று யாராவது வந்து நின்றால், கறுப்புத் திரையைத் திறந்து ஒரு ‘பிங்’ தட்டுவார். பெரிய மந்திரமெல்லாம் இல்லை, தொலைவில் இருக்கும் இணையப் பெட்டியை “இருக்கியா?” என்று கேட்பதுதான். அந்தக் கேள்வி சின்னப் பொட்டலமாகக் கிளம்பி, ரவுட்டருக்கு ரவுட்டர் கைமாறி, ஊர் விட்டு ஊர் போகும். “இருக்கேன்” என்ற பதில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

“அப்ப அங்க ஆள் இருக்காங்கன்னு அர்த்தமாண்ணே?” என்று கணக்குப் பிரிவுப் பெண் ஒருமுறை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“பெட்டிக்கு கரண்ட் இருக்குன்னு அர்த்தம்மா. ஆளுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

இப்படி வாய் கிழியப் பேசிய மனிதர்தான், காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மகன் வீட்டு வைஃபை பெட்டியைத் தட்டுவார். வேறு ஊரில் இருக்கும் அந்த வீட்டில் அதை மாட்டிக் கொடுத்தவரே அவர்தான். அவர் மனைவி கண்ணை மூடிய வாரத்தில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் வார்த்தை தடித்து, பேச்சு நின்றது. யார் முதலில் போன் செய்வது என்று இரண்டு பேருக்கும் வீம்பு. பதில் வந்துவிட்டால், பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று நிம்மதியாக டீ குடிக்கப் போவார். வேலை விஷயம் இல்லாமல் அவருக்கு வரும் ஒரே பதில் அதுதான்.

ஒரு நாள் பதில் வரவில்லை. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். வழியில் இருந்த ரவுட்டர்கள் எல்லாம் வாய் திறந்தன; அந்த வீட்டுப் பெட்டி மட்டும் திறக்கவில்லை. வீம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மகனுக்குப் போன் செய்தார்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையேடா?”

“நல்லாத்தான் இருக்கேன். என்னப்பா திடீர்னு?”

“இல்ல... உன் வீட்டுப் பெட்டி பதில் சொல்லல. தினமும் பார்ப்பேன்.”

“அந்த வீட்டைக் காலி பண்ணி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா. அடுத்து குடிவந்தவங்களுக்கே பெட்டியை விட்டுட்டு வந்தேன். இப்ப மாத்தியிருப்பாங்க.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது. முகம் தெரியாத யாரோ மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்; இவர் இங்கே பிள்ளை சுகமென்று டீ குடித்திருக்கிறார்.

“அப்பா... லைன்ல இருக்கீங்களா?”

மகன் மறுபடியும் கேட்டான்.

“இருக்கேன்டா” என்றார்.