உப்புப் பார்த்த பொங்கல்

என் வீட்டுக்காரர் கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. பாளையங்கோட்டையில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு தெரியப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் நான் அழவில்லை. பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆற்றில் முங்கி எழுந்து காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் பேச்செல்லாம் தள்ளிக் கேட்குமே, அப்படித்தான் நடமாடினேன்.

சதை எடுத்த அன்று டாக்டர் விவரமாகத்தான் சொன்னார். சீவலப்பேரி பஸ்ஸில் வரும்போது இவர் கேட்டார்.

"ஏளா, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முந்தி?"

"நீங்களும்தானே இருந்தீங்க?"

"எனக்கு ஒண்ணும் ஏறல. நீ கேட்டிருப்பேன்னு நெனச்சேன்."

நானும் கேட்கவில்லை. மறுநாள் இன்னொரு தடவை போய்க் கேட்டு வந்தோம்.

முடிவு சொல்கிற நாள் திங்கட்கிழமையாக அமைந்தது. சோமவாரம் சிவனுக்குப் பொங்கல் படைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் வாயில் எதுவும் வைப்போம். படைக்கிறதை ருசி பார்க்கக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. அன்று பொங்கலை இறக்கும்போது, உப்புப் போட்டேனா இல்லையா என்று ஒரே சந்தேகம். கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்து வாயில் வைத்துவிட்டேன். உப்பு இருந்தது. விழுங்கின பிறகுதான் உறைத்தது.

"தப்புப் பண்ணிட்டேங்க, பொங்கலை வாயில வச்சுட்டேன்" என்றேன். இவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"சாமிக்கு முந்தியே சாப்பிட்டுட்டியா? பசின்னா சொல்லியிருக்கலாம்லா, இட்லி வாங்கியாந்திருப்பேனே."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வாயைக் கொப்பளித்து, கைகால் கழுவி, வேறு பானை எடுத்தேன். இந்தத் தடவையும் தப்பினால் என்ன செய்ய? அதனால் கை செய்கிறதை வாயால் சொல்லிக்கொண்டே செய்தேன். அரிசி களையுதேன். தண்ணி ஊத்துதேன். இப்ப உப்புப் போடுதேன். நடுவில் மனசு ஆஸ்பத்திரிக்குப் போகும். அடுப்பில் என்ன நடக்குது என்று பார்த்து, அதைச் சொல்லுவேன். பொங்குது. தீயைக் குறைக்கேன்.

இறக்கும்போது சந்தேகமே இல்லை. உப்பு விழுந்த இடம்கூட நினைவில் இருந்தது. விளக்கேற்றிப் படைத்தேன். அவரைக் காப்பாற்று என்று கேட்கத்தான் நின்றேன். வாயில் வந்தது, "அப்பனே, என்னை இங்கனயே இருக்க வை" என்பதுதான்.

சாயங்காலம் டாக்டர் காகிதத்தைப் பிரித்தார். புற்றுதான் என்றார். காதில் பழையபடி தண்ணீர் அடைத்தது. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: டாக்டர் பேசுதாரு, நான் கேக்கேன். இவர் கை என் முழங்கால் மேல இருக்கு. சில்லுன்னு இருக்கு.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். இவர் கேட்டார், "என்ன சொன்னாரு?"

சொன்னேன். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்களாம். வியாழக்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். அப்புறம் கரண்டு வைக்கிறது, அதான் கதிர்வீச்சு, ஆறு வாரம். சாப்பாட்டில் காரம் ஆகாது. ஒன்றுவிடாமல், வரிசையாகச் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன். பஸ் வந்தது.