நிலாவில் விட்டுவந்த காலணிகள்

போன மாதம் வேலை விண்ணப்பம் அனுப்ப, பக்கத்தில் ஔந்தில் ஒரு சைபர் கஃபேக்குப் போனேன். வழக்கம்போல விண்ணப்பத்தை விட்டுவிட்டு நிலாவில் இறங்கிவிட்டேன். என் லட்சணம் அப்படி. அங்கே போனவர்கள் எதையெல்லாம் போட்டுவிட்டு வந்தார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். முதுகில் சுமந்த பிராணவாயுப் பெட்டி, கேமரா, மேல்காலணி, கழிவுப் பைகள். பொறுக்கிய கற்களோடு மேலே கிளம்ப வேண்டும், கனம் ஆகாது. கலத்தின் கதவைத் திறந்து வீசிவிட்டார்கள். இதுவரை வேடிக்கைதான். அடுத்த வரியில், உடுப்பில் ஒட்டி உள்ளே வந்த நிலாத் தூசி வெடித்துத் தீர்ந்த மருந்துபோல நாறியது என்று இருந்தது.

அந்த வாடை எனக்குத் தெரியும்.

அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் மருந்து நிரப்பும் பிரிவில் இருந்தார். தீப்பொறிக்குப் பயந்து அங்கே சொந்தப் பொருள் எதையும் உள்ளே விடமாட்டார்கள். தீப்பெட்டி, பெல்ட், கடிகாரம், செருப்பு எல்லாம் வாசலில் ஓர் அடுக்கில் இருக்கும். உள்ளே ஆணியில்லாத காலணி.

"கல்யாண மோதிரத்தக்கூட கேட்டுல கழட்டிட்டுப் போறாரு உங்கப்பன்" என்று அம்மா கிண்டலடிப்பாள்.

"ஆமா, உள்ள ரெண்டாவது பொண்டாட்டி கீறா. பாத்தா கோச்சுக்குவா" என்பார் அப்பா.

நான் ஆறாவது படித்தபோது, ஒரு மதியம் பள்ளிக்கூட ஜன்னல்கள் அதிர்ந்தன. பிறகு அந்த வாடை. நாங்கள் இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் காயப்போட்ட துணி, சோற்றுப்பானை, என் தலைமயிர், எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. அப்பா வேலைசெய்த கட்டடம் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. அடக்கம் செய்யக் கொடுக்கத் தொழிற்சாலைக்காரர்களிடம் ஒன்றுமில்லை. அடுக்கில் இருந்ததை எடுத்துப்போகச் சொன்னார்கள்.

மற்ற வீட்டுப் பெண்கள் அழுதபடியே எடுத்துக்கொண்டார்கள். அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜாதவ் காகா தனக்குத் தெரிந்த தமிழில், "வஹினி, எடுத்துக்கோ" என்று அண்ணி முறை சொல்லிக் கெஞ்சினார்.

"சப்பல நான் எடுத்துனு போய்ட்டா, அவரு வெளிய வந்து எத்தப் போட்டுனு வருவாரு?"

மோதிரத்தைக்கூடத் தொடாமல் திரும்பினாள். குவார்ட்டர்ஸைக் காலிசெய்து சாங்விக்கு வந்த பிறகும் பொட்டை அழிக்கவில்லை, திதி கொடுக்க விடவில்லை. வெட்கங்கெட்டவள் என்று எங்கள் ஆட்களே பேசினார்கள். திதிப் பேச்சை எடுத்த மாமா அன்று எங்கள் வீட்டில் சாப்பிடாமல்தான் போனார்.

எனக்கு ஒன்று தோன்றினால் ஆறப்போடத் தெரியாது. சைபர் கஃபேயிலிருந்து நேரே வீட்டுக்கு ஓடினேன். அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விட்டுவந்த பொருள் யாருக்காகவும் காத்திருக்காது, சும்மா கிடக்கும், அவ்வளவுதான் என்று நிலாவை வைத்து அவளுக்குப் புரியவைத்துவிடலாம் என்று நினைத்தேன். எவ்வளவு அறிவு பாருங்கள். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அம்மா நிதானமாகக் கேட்டாள். "அங்க ஷூவ வுட்டவங்கல்லாம் வூட்டுக்கு வந்து சேந்தாங்களா?"

"வந்தாங்க."

"அப்ப?"

மாவைத் தட்டுப்போட்டு மூடினாள்.

சென்ற வாரம் தனியாகப் போய்ப் பார்த்தேன். தொழிற்சாலை வாசலை வேறுபக்கம் மாற்றிவிட்டார்கள். அடுக்கு இருந்த சுவரே இல்லை. காவலாளிக்கு அப்படியொரு விபத்து நடந்ததே தெரியவில்லை. குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆளுயரப் புல். ஜாதவ் காகா குடும்பம் கோந்த்வா பக்கம் போய்விட்டதாம். நிலாவில் வீசியதாவது வீசிய இடத்தில் கிடக்கும். காற்றில்லை, மழையில்லை, பெருக்கித்தள்ள ஆளில்லை. இங்கே பெருக்கிவிட்டார்கள். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

வருகிற அமாவாசைக்கு இலை போட்டுச் சோறு வைக்கப்போகிறேன். பெண் வைக்கலாமா என்று யாரையும் கேட்கப் போவதில்லை. கத்தரிக்காய்க் குழம்பு எனக்கு நன்றாகவே வரும். அம்மா இலையைப் பார்த்துவிட்டு, "யாருக்குடி இது?" என்பாள். "அப்பாவுக்கு" என்று சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் சொல்லிப் பழகுகிறேன். உதடு அசைகிறது, குரல்தான் இன்னும் வரவில்லை.